இரண்டு வருட ஸ்பானிஷ் போதுமா, தமிழ் கணக்கில் வருமா?

கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பொது ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. மகள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் 1 முடித்து இப்போது ஸ்பானிஷ் 2 படிக்கிறாள். முதல் செமஸ்டரில் 'டி' கிரேடு. இந்த வருடத்தோடு ஸ்பானிஷை விட்டுவிட்டு, அடுத்த வருடம் அந்த இடத்தில் ஏபி (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க வேண்டும் என்கிறாள். ஆறு பீரியட்தான். ஆங்கிலம், கணக்கு, வேதியியல், அமெரிக்க வரலாறு, அவள் உயிராக நினைக்கும் ஆர்கெஸ்ட்ரா போக மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) இரண்டு வருடம்தானே கேட்கிறது, விட்டுவிடட்டும் என்கிறார் கணவர். நாலு வருடம் இல்லாவிட்டால் பெரிய கல்லூரிகள் திரும்பியே பார்க்காது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார் ஓர் ஆலோசகர். ஃபிரெஞ்சுக்கு மாற்றினால் இரண்டு மொழி ஆகிவிடும் என்பது நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனரின் யோசனை. மகள் சின்ன வயதிலிருந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், நன்றாகப் படிக்கவும் எழுதவும் செய்கிறாள். "அந்தத் தமிழ் எதற்காவது ஆகுமா? வீட்டில் பேசுகிற மொழியைக் காட்டினால் குறுக்கு வழி என்று நினைத்துவிடுவார்களோ?" என்று கடைசியில் கேட்டிருக்கிறார். மகளின் கனவு யூசி ஒன்றில் கணினிப் படிப்பு. தந்தையின் கனவில் ஸ்டான்ஃபோர்டும் எம்ஐடியும் உண்டு.

சகோதரி, உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம் முழுக்க 'எத்தனை வருடம்' என்பதைச் சுற்றியே நடக்கிறது. கல்லூரிகள் முதலில் பார்ப்பது ஒரே மொழியில் மாணவி எந்த நிலை வரை போயிருக்கிறாள் என்பதை. அதற்கு அடுத்து, அந்த மொழியை விட்டிருந்தால் அதன் இடத்தில் என்ன எடுத்தாள் என்பதை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 'டி' கிரேடு

நீங்கள் இதைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம். கலிபோர்னியா பல்கலைக்கழகமும் கால் ஸ்டேட் பல்கலைக்கழகமும் 'ஏ-ஜி' என்ற பாடப் பட்டியலை வைத்துத்தான் விண்ணப்பத் தகுதியைப் பார்க்கின்றன. மொத்தம் 15 வருடப் பாடங்கள். யூசிக்கு அவற்றில் 11 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 'சி' வேண்டும். இதில் 'இ' பிரிவுதான் ஆங்கிலம் அல்லாத மொழி: ஒரே மொழியில் இரண்டு வருடம் கட்டாயம், மூன்று வருடம் பரிந்துரை. 'டி' வாங்கிய செமஸ்டர் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே 'இரண்டு வருடம் முடிந்துவிட்டது' என்று உங்கள் கணவர் சொல்வது இந்த நிமிடத்தில் சரியில்லை.

பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. கணக்கிலும் மொழியிலும் மட்டும் யூசி ஒரு சலுகை வைத்திருக்கிறது. அடுத்த படியில் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கினால், அதற்கு முந்தைய படியில் விட்டது நிறைவானதாக எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் மகள் இந்த இரண்டாவது செமஸ்டரில் 'சி' வாங்கினாலே போதும், முதல் செமஸ்டரின் ஓட்டை அடைபட்டுவிடும். தவறினால்கூட ஸ்பானிஷ் 3-ல் நல்ல கிரேடு வாங்கினால் அது பின்னால் இருப்பதை ஈடுகட்டும். ஆனால் ஈடுகட்டுவது தகுதியை மட்டும்தான். அந்த 'டி' பள்ளியின் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே நிற்கும், கிரேடுகளின் சராசரியான ஜிபிஏவிலும் எண்ணப்படும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான ஏ-ஜி பாடங்களை வைத்துத்தான் யூசி ஜிபிஏ போடுகிறது. அந்த 'டி' சரியாக அதற்குள் விழுகிறது. ஜிபிஏவிலிருந்தும் போக வேண்டுமென்றால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். கோடை வகுப்பில் அதற்கு இடம் கிடைக்குமா என்று பள்ளிக் கவுன்சலரிடம் கேளுங்கள்.

யூசி 2021 முதல் எஸ்ஏடி, ஏசிடி என்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. அதனால் பாடத் தேர்வும் கிரேடும் முன்னைவிடக் கனமாகிவிட்டன. அடுத்த வருடம் என்ன எடுப்பது என்பதைவிட, வரும் ஜூனுக்குள் இந்த ஸ்பானிஷ் 2 நன்றாக முடிவதுதான் அவசரம். ட்யூஷனோ, ஆசிரியரிடம் மதிய நேர உதவியோ, எது முடியுமோ அதை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு விஷயத்தையும் அவளிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். 'டி' வந்ததால் ஸ்பானிஷ் பிடிக்காமல் போனதா, பிடிக்காததால் 'டி' வந்ததா? முதலாவது என்றால், கிரேடு ஏறும்போது விடுகிற எண்ணமும் மாறக்கூடும்.

'கட்டாயம்' என்பதும் 'பரிந்துரை' என்பதும்

பள்ளியை முடிப்பதற்கான விதியையும் கல்லூரிக்கான விதியையும் பல பெற்றோர் ஒன்றாக நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் டிப்ளமா வாங்க மாநிலம் அந்நிய மொழியைக் கட்டாயமாக்கவில்லை. கலையோ, மொழியோ, தொழிற்கல்வியோ, ஏதாவது ஒன்றில் ஒரு வருடம் போதும். 'பள்ளியில் பாஸாகிவிட்டாள்' என்பது யூசி வாசலில் செல்லுபடியாகாமல் போவது இதனால்தான்.

தனியார் கல்லூரிகள் வேறு மாதிரி. ஹார்வர்டு, சிறந்த தயாரிப்பு என்று தான் கருதும் பாடத்திட்டத்தில் ஒரே மொழியில் நான்கு வருடத்தைச் சொல்கிறது. பிரின்ஸ்டனும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு மூன்று வருடமோ அதற்கு மேலோ என்கிறது. எம்ஐடி இரண்டு வருடம் என்கிறது. இவை பரிந்துரைகள். நாலு வருடம் இல்லையென்றால் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள் என்று உங்களிடம் சொன்னது சரியல்ல. பயமுறுத்தி விற்கப்படும் ஆலோசனையை நான் பல குடும்பங்களில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

அதற்காகப் பரிந்துரையை லேசாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் பரிந்துரையை நிறைவேற்றியே வருகிறார்கள். அங்கே யாரும் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்து ஆட்களை நீக்குவதில்லை. அந்தப் பள்ளியில் என்னென்ன பாடம் கிடைத்தது, இந்த மாணவி அதில் எவ்வளவு தூரம் போனாள் என்று பார்க்கிறார்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தோடு உங்கள் கவுன்சலர் அனுப்பும் அறிக்கையில், மாணவி எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளியில் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி உண்டு. பள்ளியில் ஏபி ஸ்பானிஷ் வரை இருக்கும்போது ஒருவர் ஸ்பானிஷ் 2-லேயே நின்றுவிட்டால், நின்றதற்குப் பதிலாக என்ன செய்தார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். கடினமான அறிவியல் பாடம் ஒன்றுக்காக நிறுத்தியிருந்தால் அதற்கு ஒரு நியாயம் தெரியும். காலி பீரியடுக்காக என்றால் தெரியாது.

ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்பதை யாரிடமும் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் வருடந்தோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி5 என்ற பகுதியில் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை வருடம் கட்டாயம், எத்தனை வருடம் பரிந்துரை என்று அட்டவணை இருக்கும். கல்லூரிப் பெயரோடு அந்தச் சொற்களைத் தேடினால் கிடைத்துவிடும். மகளின் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அவளையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிரெஞ்சுக்கு மாறலாமா?

வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்பானிஷில் இரண்டும் ஃபிரெஞ்சில் ஒன்றும் சேர்ந்து மூன்று ஆகாது. 'ஒரே மொழியில்' என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கி, 'வணக்கம், என் பெயர்' என்று தொடங்கும் பாடத்தில் போய் உட்கார்வதற்கு அந்த ஒரு பீரியட் மிகவும் விலையுயர்ந்தது. மொழி மீது உண்மையான ஆர்வத்தால் இரண்டாவது ஒன்றைச் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் உண்டு, அவர்களின் கதை வேறு. ஒன்றில் தடுமாறியதால் இன்னொன்றுக்குத் தாவுவது டிரான்ஸ்கிரிப்டில் தடுமாற்றமாகவே தெரியும்.

கணினி மொழியும் ஒரு மொழிதானே என்று மகள் வாதிட்டதாக எழுதியிருந்தீர்கள். டெக்சாஸில் ஹைஸ்கூல் முடிப்பதற்கான மொழிப் பாடத்தில் புரோகிராமிங்கை எண்ண இடமிருக்கிறது. அவள் அதை எங்கோ கேள்விப்பட்டிருக்கலாம். யூசி ஏற்பதில்லை. அமெரிக்க சைகை மொழியை யூசி ஏற்கிறது, ஆனால் அதுவும் இப்போது புதிதாகத் தொடங்க வேண்டிய மொழிதான்.

தமிழ் எங்கே நிற்கிறது

வீட்டு மொழியைக் காட்டுவது குறுக்கு வழி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 'ஆங்கிலம் அல்லாத மொழி' என்றுதான் யூசி எழுதியிருக்கிறதே தவிர, 'வீட்டில் பேசாத மொழி' என்று எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு எழுத்துப் பழகிய பிள்ளையின் உழைப்பு அது. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அனுபவத்தில் நம் குடும்பங்களில் பலர் இதை விண்ணப்பத்தில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் நன்றாகத் தமிழ் தெரிந்திருப்பது மட்டும் கணக்கில் வராது. அது ஏதாவது ஓர் ஆவணத்தில் ஏற வேண்டும். ஸ்பானிஷுக்கும் ஃபிரெஞ்சுக்கும் ஏபி தேர்வு இருக்கிறது, தமிழுக்கு இல்லை. எஸ்ஏடி பாடத் தேர்வுகள் இருந்த காலத்திலும் தமிழ் அதில் இருந்ததில்லை, அந்தத் தேர்வுகளே அமெரிக்காவில் 2021-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. எனவே நமக்கு உள்ள வழிகள் வேறு.

முதல் வழி, தமிழ்ப் பள்ளியில் முடித்த நிலைகளை உங்கள் பள்ளி மாவட்டம் உலக மொழிப் பாடமாக ஏற்று, கிரெடிட் கொடுத்து, ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுவது. கலிபோர்னியாவில் பல மாவட்டங்கள் இப்படி ஏற்கின்றன. தமிழ்ப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த நிலையிலிருந்து ஹைஸ்கூல் அளவாக எடுத்துக்கொள்வார்கள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது என்பதை வைத்து உங்களுக்கும் கிடைக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டாவது வழி, மாணவியின் மொழித் திறனைப் பள்ளி முதல்வர் சான்றளிப்பது. மொழியும் நிலையும் டிரான்ஸ்கிரிப்டிலோ பள்ளியின் கடிதத் தாளிலோ குறிக்கப்பட்டிருந்தால் யூசி அதை 'இ' பிரிவுக்கு ஏற்கும். முதல்வர் சும்மா கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. அதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபலின் அளவுகோலில் தமிழுக்கும் வாய்மொழித் தேர்வு உண்டு. அந்த மதிப்பெண்ணும் தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் கடிதமும் சேர்ந்தால் பேச்சு எளிதாகும்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. தமிழ் இந்த இரண்டில் ஏதாவது ஒரு வழியில் ஏறிவிட்டால், 'இ' பிரிவு தமிழாலேயே நிறைவாகிவிடும், ஸ்பானிஷ் கிரேடு எப்படிப் போனாலும். ஆனால் ஸ்பானிஷ் 1-ஐயும் தமிழ் 1-ஐயும் சேர்த்து இரண்டு என்று காட்ட முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே மொழி என்ற விதி இங்கேயும் அதேதான்.

'சீல் ஆஃப் பைலிட்டரசி' பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருமொழித் தேர்ச்சிக்கு டிப்ளமாவில் பதிக்கும் முத்திரை அது. 2011-ல் சட்டம் போட்டு இதை முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியாதான். தமிழுக்கும் வாங்கலாம். ஏபி இல்லாத மொழிகளுக்கு மாவட்டம் தேர்வு வைக்கவோ வேறொரு தேர்வை ஏற்கவோ வழியுண்டு. வாங்கட்டும், சந்தோஷமான விஷயம். ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் டிப்ளமாவோடு வருவது. யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசி வாக்கிலேயே முடிந்துவிடும். முத்திரையை நம்பி 'இ' பிரிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவை எதுவுமே கைகூடாவிட்டாலும் தமிழை எழுத இடம் இருக்கிறது. யூசி விண்ணப்பத்தில் செயல்பாடுகள் பகுதியில், ஏ-ஜிக்கு வெளியே படித்த பாடங்களுக்கென்றே ஒரு வகை உண்டு. காமன் ஆப்பில் எந்த மொழியைப் பேசுவாள், படிப்பாள், எழுதுவாள் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அது தன்னார்வப் பணியில் சேரும்.

அடுத்த வருடப் பாடப் பட்டியல்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ் 2-ஐ 'சி'க்கு மேல் முடித்தால், பதினொன்றில் ஸ்பானிஷ் 3 எடுக்கட்டும். பன்னிரண்டில் விட்டுவிடலாம், அதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன். மூன்றாம் படி முடிந்தால் யூசியின் பரிந்துரை நிறைவாகிறது, ஸ்டான்ஃபோர்டு சொல்வதும் நிறைவாகிறது, எம்ஐடி கேட்பதைத் தாண்டியும் ஆகிறது. 'இ' பிரிவுக்கு மேல் எடுக்கும் மூன்றாம் வருட மொழி, 'ஜி' எனும் விருப்பப் பாடப் பிரிவிலும் எண்ணப்படும், வீணாகாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ்? அதைக் கோடையில் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) எடுக்கலாம். ஸ்பானிஷைக் கோடைக்கு அனுப்பிவிட்டு கணினிப் பாடத்தைப் பள்ளியில் வைக்கலாமே என்று உங்கள் கணவர் கேட்பார். நான் எதிர்மாறாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலேஜில் ஒரு செமஸ்டர், ஹைஸ்கூல் ஒரு வருடத்துக்குச் சமம். கோடையில் அதுவே சில வாரங்களில் ஓடும். தடுமாறுகிற பாடத்தை அந்த வேகத்தில் படிக்க வைக்கக் கூடாது. அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரக் கல்லூரிப் பதிவு, பின்னாளிலும் கூடவே வரும். அவளுக்குக் கை வந்த பாடம் புரோகிராமிங். வேகத்தை அதில் தாங்கிக்கொள்வாள். யூசிக்கு மாற்றத் தகுந்த காலேஜ் பாடத்துக்கு ஏபியைப் போலவே ஜிபிஏவில் கூடுதல் புள்ளியும் உண்டு. அந்தக் கூடுதல் புள்ளியையும் யூசி எட்டு செமஸ்டருக்கு மேல் எண்ணுவதில்லை. ஆகவே ஏபி எண்ணிக்கையை ஏற்றுவதற்காகவே மொழியை வெட்ட வேண்டிய தேவை நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆர்கெஸ்ட்ராவைத் தொடாதீர்கள். கலைப் பிரிவு ஒரு வருடத்திலேயே நிறைவாகிவிட்டது என்று யாராவது சொல்வார்கள், விதிப்படி அது உண்மைதான். ஆனால் பிள்ளை வாரம் முழுக்கப் பள்ளிக்குப் போவதற்கு ஏதாவது ஒரு நல்ல காரணம் வேண்டாமா?

இன்னொரு நிலையும் இருக்கிறது. உதவி செய்தும் ஸ்பானிஷ் அவளை அழவைக்கிறது, தூக்கம் கெடுகிறது, மற்றப் பாடங்களும் சரிகின்றன என்றால், இரண்டோடு நிறுத்துங்கள். அவள் முதன்மையாக விரும்புவது யூசி. இரண்டு வருட மொழியோடு நிறுத்துவதால் அதன் கதவு மூடிவிடாது, தமிழ் டிரான்ஸ்கிரிப்டில் ஏறினால் இன்னும் நல்லது. ஸ்பானிஷ் 3-ல் இன்னொரு 'டி' வாங்குவதைவிட இரண்டோடு நிற்பது எவ்வளவோ மேல். இழப்பு இருக்கிறது, ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற இடங்களில் அது தெரியும். அந்த இழப்பு அவளுடைய பட்டியலில் இருக்கிறதா, அப்பாவுடைய பட்டியலில் மட்டும் இருக்கிறதா என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

மகனைப் பற்றிச் சுருக்கமாக: ஏழு, எட்டாம் வகுப்பில் படிக்கும் மொழிப் பாடத்தை ஹைஸ்கூல் தன் பாடத்துக்குச் சமமாக ஏற்றால் யூசியும் 'இ' பிரிவில் எண்ணும். அவன் இப்போதே மொழியைத் தொடங்கினால், அக்காவுக்கு வந்த நெருக்கடி பதினொன்றாம் வகுப்பில் அவனுக்கு வராது. தமிழ்ப் பள்ளியை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். கிரெடிட் கிடைக்கும் நிலைகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பாடத் தேர்வுப் படிவம் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. அதற்கு முன் கவுன்சலருக்கு மகளையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் நகலில் இருந்தால் போதும். ஸ்பானிஷ் 2 முதல் செமஸ்டரைக் கோடையில் திரும்பப் படிக்க முடியுமா, எங்கள் மாவட்டம் தமிழுக்கு கிரெடிட் தருமா, தராவிட்டால் முதல்வர் சான்றுக்கு எந்தத் தேர்வை ஏற்பீர்கள், கம்யூனிட்டி காலேஜில் கோடைப் பாடம் எடுக்க யார் கையெழுத்து வேண்டும் என்று நாலையும் ஒரே கடிதத்தில் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சலர்கள் மாறுவார்கள், அடுத்தவர் வரும்போது அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்காகப் பேசும்.